பிவட்: குடுமியா, அச்சாணியா?

அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் நேரியல் சமன்பாட்டுப் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நீக்கல் முறை, ஏறுபடி வடிவம் போன்ற சொற்கள் எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. பிவட்டுக்கு (pivot, ஒன்று திரும்பத் தாங்கி நிற்கும் முனை) தமிழ்ச்சொல் தேடித்தான் மாட்டிக்கொண்டேன். 2 இட்லியும் 1 வடையும் 26 ரூபாய். 4 இட்லியும் 3 வடையும் 62 ரூபாய். எண்களை நிரைகளாக (கிடைவரிசைகளாக) எழுதி, முதல் நிரையை இரட்டித்து இரண்டாவதிலிருந்து கழித்தால் இட்லி போய்விடும், வடை 10 ரூபாய் என்று நிற்கும். எந்த 2-ஐ வைத்துக் கீழேயுள்ள 4-ஐ ஒழித்தோமோ, அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'சுழல் உறுப்பு' என்றேன். "எது சார் சுழலுது?" என்கிறான் பையன்.
– மதுரை

'அச்சாணி' போதுமே. வள்ளுவர் கொடுத்த சொல்.
– கோவை

அச்சாணி சக்கரம் கழலாமல் தடுப்பது. அதன்மேல் எதுவும் திரும்பாது. எங்கள் பழைய வீட்டு வாசற்கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேல்முனையிலும் அடிமுனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிகள் நிலையில் வெட்டிய குழிகளில் உட்கார்ந்து திரும்பும். பிவட் அதுதான்! மலையுச்சியும் குடுமிதான், நிரையின் தலையில் நிற்கும் எண்ணுக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது. பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியின் பெயரையும் இங்கே யோசிக்க வேண்டும்...
– காரைக்குடி

பெருவழுதியை விடுங்கள் ஐயா. 'குடுமி மாற்றம்' என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அப்புறம், கணினி பெரும்பாலும் அந்த 2-ஐ வைத்துக்கொள்ளாது. முழுதாக்கல் பிழை பெருகாமலிருக்க, அந்த நிரலில் (செங்குத்து வரிசையில்) குறியைப் பாராமல் மிகப்பெரிய எண்ணைத் தேடி 4 உள்ள நிரையை மேலே ஏற்றிவிடும். ஆக, அது தேர்ந்தெடுத்த எண். 'தேர்வுறுப்பு' எனலாம்.
– சென்னை

எங்கள் பாடநூல்களில் அணிக்கே (matrix, நிரையும் நிரலுமாக எழுதிய எண்கள்) 'தாயம்' என்றுதான் பெயர். நீங்கள் எதை முடிவு செய்தாலும் இங்கே வேறொன்று இருக்கும். பிள்ளைகள் மென்பொருளில் காண்பது பிவட். அதையே எழுதி, அடைப்புக்குள் தமிழைப் போடுங்கோ.
– யாழ்ப்பாணம்

அடைப்புக்குள் எதைப் போடுவது என்பதுதானே கேள்வி! சரி, மணி பதினொன்று ஆகிவிட்டது. கோவையும் தனிமடலில் இறங்கிவந்துவிட்டார். 'தேர்வுறுப்பு' என்றே அனுப்பிவிட்டேன்.
– மதுரை

தேர்வு என்றால் பரீட்சை. "தேர்வுறுப்பு தேர்வில் வருமா?" என்று கேட்பார்கள், பாருங்கள். என் வாக்கு குடுமிக்கே; குறித்துக்கொள்ளுங்கள். கதவைப் படம் பிடித்து நாளை அனுப்புகிறேன்.
– காரைக்குடி