அமெரிக்காவில் விதி மாறினால் கொழும்பில் எங்கள் கேள்விக்கொத்தை வெட்ட வேண்டுமா?

கேள்வி: ஆய்வுமேசை

வணக்கம். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்குச் சீனி வியாதிக்கு எப்படிச் சிகிச்சை கிடைக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. காசு ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வருகிறது. முதலில் திட்டத்தின் இணையப் பக்கத்திலிருந்து 'சமத்துவம்' என்ற சொல்லை எடுத்தார்கள், அப்புறம் இனம், மொழி பற்றிய கேள்விகள் தேவைதானா என்று கேட்டார்கள், இப்போது பாகுபாடு காட்டும் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று ஒரு உறுதிமொழிப் படிவம் வந்திருக்கிறது. எங்கள் மேடம் கையெழுத்து வைத்துவிட்டு அந்தக் கேள்விகளையும் எடுத்துவிடலாம், காசு நின்றால் ஆய்வுக் குழுப் பிள்ளைகளின் சம்பளமும் நின்றுவிடும் என்கிறார். மொழியைக் கேட்காமல், தமிழ் மட்டும் பேசும் ஒரு அம்மாவுக்குக் கிளினிக்கில் என்ன நடந்தது என்று எப்படி எழுதுவது? மற்றப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன?

பதில்: பம்பலப்பிட்டிப் பையன்

அக்கா, நான் இப்போது மசாசுசெட்சில் பிஎச்டி படிக்கிறேன், இங்கே தினமும் இதே பேச்சுத்தான். 2025 ஜனவரி 21 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட 14173ஆம் இலக்க நிறைவேற்று ஆணையிலிருந்து வந்த படிவமாக இருக்கும். மத்திய அரசின் காசு வாங்குகிறவர்கள், பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மீறும் பன்முகத்தன்மைத் திட்டங்களை (ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு இடம் தரும் திட்டங்களை) நடத்தவில்லை என்று உறுதி தர வேண்டும். பொய்யாக உறுதி கொடுத்தது என்று ஆனால், அரசிடம் பொய் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மீதான பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் வழக்கு வரலாம், அதில் நட்டஈடு மூன்று மடங்கு. பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சிவில் உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது, அரசு அதை வாசிக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. எது மீறல் என்று ஆணையில் தெளிவாக இல்லாததால் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவுகள் கேட்காததையும் வெட்டுகின்றன.

கொலம்பியா பல்கலைக்கழகம் 400 மில்லியன் டொலர் அரச நிதி ரத்தான பிறகு பேரம் பேசி, 2025 ஜூலையில் அரசுக்கு 200 மில்லியன் கட்ட ஒப்புக்கொண்டது. ஹாவர்ட் மறுத்தது, 2.2 பில்லியன் முடங்கியது, வழக்குப் போட்டு செப்டம்பரில் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றது, அரசு மேன்முறையீடு செய்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் மார்ச்சிலேயே தன் பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே அரசின் அழுத்தம், ஆளுக்கொரு வழி. அதனால் 'அமெரிக்கா சொல்கிறது' என்று யாராவது சொன்னால் எந்தப் பந்தியில் என்று கேளுங்கள்.

பதில்: பழைய கோப்பு

தங்கச்சி, படிவம் வேறு, கேள்விக்கொத்து வேறு. இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் உங்கள் மேடம் பயப்படுகிறார். நான் நிருவாகப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவன்.

ஒப்பந்தக்காரர் உங்கள் பல்கலைக்கழகம்தான், திட்டக் குழு அல்ல. அதனால் படிவம் பதிவாளருக்கும் சட்ட அலுவலருக்கும் போகட்டும், நீங்கள் இருவரும் பேனாவைத் தொடாதீர்கள். எந்த நாட்டுச் சட்டப்படி, இந்தத் திட்டத்துக்கு மட்டுமா, முழுப் பல்கலைக்கழகத்துக்குமா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமில்லை. நம் அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. அதே நாட்டில்தான் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று அனுமதி நடக்கிறது. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கண்ணை மூடிக் கையெழுத்து வைத்தால் இந்த மாவட்டக் கோட்டாவை அமெரிக்காவில் ஒருவர் எப்படி வாசிப்பார்?

கேள்விக்கொத்து எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அங்கீகரித்த ஆவணம். அதில் ஒரு வரியை எடுக்கவும் திருத்த விண்ணப்பம் போட்டுக் காரணம் எழுத வேண்டும். 'காசு தருகிறவர் விரும்பவில்லை' என்பதை ஒரு விஞ்ஞானக் காரணமாக உங்களால் எழுத முடியுமா?

பதில்: நூலகத்து மூலை

மொழிக் கேள்வியை விட்டுக்கொடுக்காதீர்கள், தயவு செய்து. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் (பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியைச் சரிசெய்யும் முறை) வந்தது, அப்புறம் மாவட்டக் கோட்டா வந்தது. விதி மாறியபோது பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அதை நடைமுறைப்படுத்தும் அலுவலகங்களாகவே இருந்தன. ஆனால் எந்த மொழியில் எழுதியவர் எத்தனை பேர் எடுபட்டார்கள் என்ற கணக்கு இருந்தது. அது இருப்பதால்தான் அன்று பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போக முடியாமல் போன பிள்ளைகளைப் பற்றி இன்றும் எண்ணோடு வாதாட முடிகிறது. உங்கள் ஆய்வில் வரும் பெண்களுக்கு அந்தக் கணக்கையும் இல்லாமல் செய்யப் போகிறோமா? பாகுபாடு இருக்கிறதா என்று கேட்பது பாகுபாடு காட்டுவது ஆகாது.

இன்னொன்று. காசின் மூலம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமா என்று பாருங்கள். வெளிநாட்டுத் துணை மானியம் (அமெரிக்க நிறுவனம் தன் நிதியில் ஒரு பங்கை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது) அடங்கிய நிதியைப் புதிய முறை வரும்வரை புதிதாகவோ புதுப்பித்தோ வழங்க மாட்டோம் என்று அவர்கள் 2025 மே 1 அன்று அறிவித்தார்கள். அதில் அகப்பட்டால் காரணம் நீங்கள் கொழும்பில் இருப்பது, எந்தச் சொல்லை எடுத்தும் காப்பாற்ற முடியாது.

ஆய்வுமேசை

மூலம் அதுதான், இப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நடப்பு வருடம் ஓடுகிறது, புதுப்பித்தல் அடுத்த வருடம். படிவத்தைச் சட்ட அலுவலருக்கு அனுப்பச் சொல்லி மேடத்திடம் கேட்கிறேன். கேள்விகளை எடுக்கச் சொன்னதற்கு எழுத்தில் என்ன பதில் அனுப்பலாம்?

பழைய கோப்பு

சுருக்கமாக எழுதுங்கள்: 'இக்கேள்விகள் எங்கள் எதிக்ஸ் கமிட்டி அங்கீகரித்தவை. நீக்க வேண்டுமெனில் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதைக் கோருகிறது என்று அறியத் தரவும்.' பதிவாளருக்கும் பிரதி போடுங்கள். பதில் வரும்வரை தரவு சேகரிப்பை நிறுத்த வேண்டாம்.