புது எக்ஸ்பல்ஸ்: மண்பாதைக்கு முன் என்ன பார்க்கணும்?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் எடுத்துப் பத்து நாள் ஆகிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாக ஏறி இறங்கிவிட்டேன். அடுத்த மாதம் நண்பரின் காப்பித் தோட்டத்து மண்பாதையில் ஓட்ட ஆசை. அதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் அண்ணா?

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:
தம்பி, முதலில் ஸ்போக், அதாவது சக்கரக் கம்பிகள். புதுச் சக்கரத்தில் அவை ஓட ஓடத்தான் உட்காரும், லேசாகத் தளரும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்க. இறுகியது 'டிங்' என்று பாடும், தளர்ந்தது 'தொப்' என்று அமுங்கும். ஒரே மூச்சில் முறுக்காதீங்க. கால் சுற்றுக்கு மேல் போனால் ரிம் கோணும். அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் (சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டொக்' என்றால் ஸ்டியரிங் பேரிங் தளர்வு. செயின் தொய்வு கையேட்டில் சொன்ன அளவு இருக்கட்டும்; விறைப்பாக வைத்தால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பேரிங்கை இழுக்கும்.

வெள்ளக்கடை ரைடர்:
லீவர் கிளாம்பை, அதாவது லீவரை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் பட்டையை, மறக்காதீங்க. போன மழையில் சில்வர் ஓக் மரத்தடிச் சேற்றில் மெதுவாகத்தான் சாய்ந்தேன், கிளட்ச் லீவர் பாதியில் ஒடிந்தது. கிளாம்பை நன்றாக இறுக்கி வைத்திருந்தேன். இப்போது கையால் அழுத்தித் திருப்பினால் நகரும் அளவுக்குத்தான் முறுக்குகிறேன். விழுந்தால் சுழன்றுகொள்ளும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
நன்றி அண்ணா. இப்போதுதான் தட்டிப் பார்த்தேன். பின்சக்கரத்தில் மூன்று 'தொப்'. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எடுத்து வரவா?

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:
வாங்க. காலையில் சீக்கிரம் வந்தால் பக்கத்தில் நின்று பழகிக்கலாம்.