கொலையாளிக்குக் கிடைத்த கைதட்டல்: அங்கதமா, விளம்பரமா?

வெண்திரை:
ஆலிவர் ஸ்டோனின் ‘நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்’ (1994) படத்தை மறுபடி பார்த்தேன். கொலைகாரத் தம்பதியரை நட்சத்திரங்களாக்கும் தொலைக்காட்சியைச் சாடுவதே அதன் நோக்கம் என்கிறார்கள். ஆனால் மிக்கியையும் மாலரியையும் படத்திலேயே மிகக் கவர்ச்சியான காதலர்களாகக் காட்டி, துப்பறிவாளர், சிறை அதிகாரி, செய்தியாளர் என மற்ற எல்லோரையும் அருவருப்பானவர்களாக வரைந்துவிட்டால், பார்வையாளர் யார் பக்கம் சாய்வார் என்பது இயக்குநருக்குத் தெரியாதா? எந்தப் புகழைச் சாட வந்தாரோ, அதையே அவர் வாரி வழங்கியிருக்கிறார்.

கருப்புக்கண்ணாடி:
நண்பரே, அந்தச் சாய்வுதான் படம் விரித்த வலை. மாலரியின் வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தந்தை மகளிடம் அத்துமீறும் கொடுமை, பதிவுசெய்த சிரிப்பொலியுடன் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர்போல ஓடுகிறது. யார் சிரிக்கிறார்கள் என்று யோசித்த நொடியில் நமக்கு உடல் கூசுகிறது. முடிவு இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு படுகொலையிலும் ஒருவரைச் சாட்சியாக உயிரோடு விட்டுவைப்பது மிக்கி, மாலரி இருவரின் வழக்கம். தங்களைப் புகழேற்றிய செய்தியாளர் வெய்ன் கேலைக் கொல்லும்போது, சாட்சியாக அவருடைய கேமரா போதும் என்கிறார்கள். அதன்பின் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டு வீரர் சிம்ப்சன், போட்டியாளர் தாக்கப்பட்ட வழக்கில் சிக்கிய பனிச்சறுக்கு வீராங்கனை டோன்யா ஹார்டிங் என அந்நாளைய உண்மைச் செய்திக் காட்சிகள் வருகின்றன. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

வெண்திரை:
சிரிப்பொலிக் காட்சியை ஒப்புக்கொள்கிறேன். அது அசல் அங்கதம். மற்றவை இசைக் காணொளியின் மினுக்கு. ‘மேன் பைட்ஸ் டாக்’ என்ற 1992ஆம் ஆண்டு பெல்ஜியப் படத்தை ஒப்பிடுங்கள். ஒரு கொலையாளியைப் பின்தொடரும் ஆவணப்படக் குழு முதலில் வெறுமனே பார்க்கிறது, பிறகு பிணத்தைச் சுமக்கிறது, கடைசியில் குற்றத்திலேயே பங்கேற்கிறது. தொடக்கத்தில் சிரித்த நமக்கு, பாதியில் அந்தச் சிரிப்பே தொண்டையில் சிக்குகிறது. ஸ்டோன் படம் அப்படி யாரையும் உறுத்தவில்லை. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் பலரைச் சுட்டுக் கொன்ற மாணவர் இருவரும், தம் தாக்குதலுக்கு இப்படப் பெயரின் முதலெழுத்துகளையே குறிச்சொல்லாக எழுதி வைத்திருந்தார்கள்.

ஓரத்து இருக்கை:
இந்த இடத்தில்தான் விவாதம் வழக்கமாகத் தடம் மாறும். படம் பார்த்த ஓர் இளம் இணை 1995இல் செய்த குற்றத்துக்காக, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஸ்டோன்மீதும் தயாரிப்பு நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. குறையுள்ள பண்டத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்பதுபோலத் திரைப்படக்காரர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுத்தாளர் ஜான் கிரிஷம் வாதிட்டார். கருத்துச் சுதந்திரத்தின் அடிப்படையில் 2001இல் அவ்வழக்குத் தள்ளுபடியானது.

வெண்திரை:
நான் தண்டனை கேட்கவில்லை, ஐயா. ஒரு படம் சட்டத்தின்முன் குற்றமற்றதாகவும் கலையாகத் தோற்றதாகவும் ஒருசேர இருக்கலாம்.

கருப்புக்கண்ணாடி:
கொலம்பைனை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். அந்தத் தாக்குதலுக்குப்பின் ‘டைம்’ வார இதழ், கொலையாளிகள் இருவரின் முகங்களையும் தன் அட்டையில் அச்சிட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே படம் கேலி செய்த செயல் அதுதானே? மேலும், நீங்கள் போற்றும் பெல்ஜியப் படத்தின் கொலையாளியும் கவிதை சொல்லி, நையாண்டி பேசி நம்மை வசீகரிப்பவன்தான். வசீகரமே இல்லாத கொலையாளியை வைத்துப் புகழைப் பற்றிப் படம் எடுக்க முடியாது.

வெண்திரை:
முடியும். ‘நைட்கிராலர்’ (2014) படத்தில் குற்ற, விபத்துக் காட்சிகளைப் படமெடுத்துத் தொலைக்காட்சிக்கு விற்கும் லூ புளூம், விபத்துக் காட்சி நன்றாக அமைய வேண்டும் என்று உடலையே இழுத்துப்போட்டுப் படமெடுக்கிறான். இறுதியில் தண்டனையின்றித் தொழிலை விரிவாக்குகிறான். அவனைப்போல் ஆக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ‘டைம்’ அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்டோன் படத்தின் சுவரொட்டியை நிறைத்ததும் வட்டக் கண்ணாடி அணிந்த மிக்கியின் முகம்தான். இரண்டையும் அருகருகே வைத்து, எது அங்கதம் என்று எனக்குக் காட்டுங்கள்.