தேடினால் வருகிறது, ஐடி கொடுத்து எடுத்தால் 404: எலாஸ்டிக்சர்ச் பைத்தான் கிளையன்ட்

மாங்கூழ்_லாட் (கிருஷ்ணகிரி):
மாங்கூழ் ஆலைகளுக்கு வரும் லோடு விவரங்கள் எலாஸ்டிக்சர்ச் 8 என்ற தேடல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஒரே இன்டெக்ஸ் (ஆவணத் தொகுப்பு), 5 பிரைமரி ஷார்டு (தொகுப்பின் துண்டுகள்), 1 ரெப்ளிகா (நகல்). ஐடி 'தோத்தாபுரி-0417' மாதிரி. கிபானா தேடல் திரையில் லாட் எண்ணைப் போட்டால் ஆவணம் வருகிறது. அதே ஐடியை பைத்தான் கிளையன்டின் கெட் அழைப்பில் கொடுத்தால் நாட்ஃபவுண்ட்எரர், அதாவது 404 ('இல்லை'). எல்லாவற்றுக்கும் அல்ல, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வந்துவிடுகிறது. டைம்அவுட்டை 10 நொடியிலிருந்து 60 ஆக்கியும் பலனில்லை. கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) நிலை பச்சை, அதாவது குறையில்லை. எங்கே பார்ப்பது?

பாலக்கோடு_பைட்:
404-க்கும் டைம்அவுட்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க. சர்வர் பதில் சொல்லிவிட்டது, பதில்தான் 'இல்லை'. பிழையின் பாடியைப் பிரித்துப் பாருங்க. இன்டெக்ஸ் பெயர் தப்பென்றாலும் ஆவணம் இல்லையென்றாலும் கிளையன்ட் ஒரே பிழையைத்தான் எறியும். 'ஃபவுண்ட்: ஃபால்ஸ்' என்று இருந்தால் இன்டெக்ஸ் சரி, கேட்ட ஷார்டில் ஆவணம் இல்லை.

5 ஷார்டு, ஐந்தில் ஒன்று கிடைக்கிறது என்றால் எனக்கு ரவுட்டிங் (ஆவணம் எந்த ஷார்டுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் மதிப்பு) மேல்தான் சந்தேகம். ரவுட்டிங் கொடுக்காத கெட், ஐடியின் ஹாஷை (ஐடியிலிருந்து கணக்கிடும் எண்ணை) வைத்து ஒரே ஒரு ஷார்டில்தான் தேடும். ஏற்றும்போது வேறு மதிப்பை ரவுட்டிங்காகக் கொடுத்திருந்தால் ஆவணம் வேறு ஷார்டில் கிடக்கும். தற்செயலாக இரண்டும் பொருந்தினால்தான் கிடைக்கும். தேடல் எல்லா ஷார்டுக்கும் போவதால் அதற்குக் குறையே தெரியாது.

தேடல் முடிவில் ஐடி பக்கத்தில் அண்டர்ஸ்கோர் ரவுட்டிங் என்ற புலம் இருக்கிறதா பாருங்க. இருந்தால் அந்த மதிப்பையே கெட் அழைப்பில் கொடுங்க.

ரெஃப்ரெஷ் (புதிதாக எழுதியதைத் தேடலுக்குத் தெரியவைப்பது) பண்ணச் சொல்லி யாராவது வருவார்கள், விட்டுவிடுங்க. கெட் நிகழ்நேரத்தில் படிக்கும். ரெஃப்ரெஷ் கோளாறென்றால் நேர்மாறாக, கெட் வரும், தேடல் வராது.

மாங்கூழ்_லாட்:
இருக்கிறது. பல்க்காக (மொத்தமாக) ஏற்றும் ஸ்கிரிப்ட் தாலுகா பெயரை ரவுட்டிங்காகப் போட்டிருக்கிறது. அதைக் கொடுத்ததும் பெரும்பாலானவை வருகின்றன. போச்சம்பள்ளி லோடுகளில் மட்டும் சில இன்னும் 404. இன்னொன்று, எங்கள் ஆப்பில் 404 வந்தால் புதிதாக எழுதும்படி வைத்திருக்கிறோம்.

ஓசூர்_ஷார்டு:
அந்தப் புதிதாக எழுதும் பகுதியை முதலில் நிறுத்துங்க, மற்றது அப்புறம். ஐடி ஒரு ஷார்டுக்குள் மட்டும்தான் தனித்தது. ரவுட்டிங் இல்லாமல் எழுதியது வேறு ஷார்டில் விழுந்து, ஒரே ஐடியில் இரண்டு ஆவணம் ஆகியிருக்கும். எடை மொத்தம் இரட்டிப்பாகக் காட்டும். ஐடி வினாவைத் தேடலில் கொடுத்து, ஒன்றுக்கு மேல் வருகிறதா என்று சோதியுங்க.

போச்சம்பள்ளி விஷயம் யூனிகோடாக இருக்கும். 'போ'வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஹாஷ் மாறும், ஷார்டும் மாறலாம். 'தோத்தாபுரி'யிலும் இதே ஓகாரம் இருப்பதால் ஐடிக்கும் அதே ஆபத்து. பைத்தானில் இரண்டு சரத்தின் நீளத்தையும் அச்சிட்டாலே தெரிந்துவிடும். எழுதும்போதும் கேட்கும்போதும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவுக்கு (ஒரே குறியாகச் சேர்த்த வடிவம்) மாற்றுங்க. கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளையும் ஓர இடைவெளியையும் என்எஃப்சி நீக்காது, அவற்றைத் தனியாக வெட்ட வேண்டும்.

பாலக்கோடு_பைட்:
என்னைக் கேட்டால் ரவுட்டிங்கையே எடுத்துவிடலாம். மாவட்டத்தில் 8 தாலுகா, உங்களிடம் 5 ஷார்டு. சீசனில் ஒரு ஷார்டு மட்டும் வீங்கும், ஒன்று காலியாகவே கிடக்கலாம். ஷார்டுகளைக் காட்டும் கேட் ஷார்ட்ஸ் (_cat/shards) பட்டியலில் ஆவண எண்ணிக்கையைப் பாருங்க.

ரீஇன்டெக்ஸ் (ஆவணங்களைப் புது இன்டெக்ஸுக்கு நகலெடுப்பது) இருக்கும் ரவுட்டிங்கை அப்படியே கொண்டுபோகும். டெஸ்ட் (dest, சேருமிடம்) பகுதியில் ரவுட்டிங்குக்கு 'டிஸ்கார்டு' என்று கொடுத்தால்தான் கழலும். இரட்டை ஐடி ஆவணங்களில் எது சரி என்று முன்னமே தீர்த்துவிடுங்க, இல்லையென்றால் கடைசியாக எழுதப்பட்டது மற்றதை மேலெழுதிவிடும்.

ரவுட்டிங் வேண்டுமென்றே இருந்தால், புது இன்டெக்ஸின் மேப்பிங்கில் (புல அமைப்பில்) அதைக் கட்டாயமாக்குங்க. அப்போது மறந்த அழைப்புக்கு 404 வராது, ரவுட்டிங் இல்லை என்று 400 வரும். ஐடியின் உச்ச அளவு 512 பைட், தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் போகும், அதையும் கணக்கில் வையுங்க.