Re: 'நடை உறைவு': மாற்றுச் சொல் வேண்டும்

> பார்க்கின்சன் நோயில் வரும் 'ஃப்ரீசிங் ஆஃப் கெயிட்'டுக்கு 'நடை உறைவு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் அம்மா.

நடக்க முனைந்தும் பாதம் சிறிது நேரம் நகர மறுக்கும் நிலை இது. ஆனால் உறைவு என்றதும் ஆள் சிலைபோல் அசையாமல் நிற்பதாகத்தான் படிப்பவர் நினைப்பார். பலருக்கு அப்போது முழங்கால்கள் கிடுகிடுவென நடுங்கும். உடல் முன்னே சாயும், பாதம் பின்தங்கும், விழுவதும் அதனால்தான். நடுக்கத்தைப் பார்த்த வீட்டார் 'இது உறைவு இல்லை' என்று நினைத்து மருத்துவரிடம் சொல்லாமலே விட்டால் என்ன ஆவது?

'நடைமுடக்கம்' முடக்குவாதத்தை நினைவூட்டும். 'கால்கட்டு' கல்யாணப் பேச்சு. நோயாளிகளோ 'பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது' என்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை: காலொட்டு.

சோதனைகளையும் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளப்பது 1991இல் வந்த முறை. அதை 'எழுநடைச் சோதனை' எனலாம். ஆனால் அதில் காலொட்டு அகப்படாமல் போகலாம். மருத்துவர் பார்க்கிறார் என்றால் நோயாளி கவனமாக அடி வைப்பார், நடையும் சீராக இருக்கும். நின்ற இடத்திலேயே 360 பாகை, இரு பக்கமும், வேகமாகச் சுற்றச் சொன்னால்தான் பலருக்கு வெளிப்படும். 100இலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வதும், குறுகிய வாசலைக் கடக்கச் சொல்வதும் உண்டு. ஆக, புறப்பாட்டுக் காலொட்டு, திருப்பக் காலொட்டு, வாசல் காலொட்டு என்று பிரித்துச் சொல்லவும் சொல் இடம் தர வேண்டும்.

---

> தோல் ஒட்டு, எலும்பு ஒட்டு என்று அறுவை மருத்துவத்தில் முன்பே இருக்கிறதே ஐயா. 'காலொட்டு' என்றால் காலில் செய்த ஒட்டு அறுவை என்று கொள்ள மாட்டார்களா?

கொள்வார்கள் அம்மா, நல்ல தடை. அப்படியானால் 'காலொட்டல்' என்போம். ஒட்டு பொருளைக் குறிக்கும். ஒட்டல் நிகழ்வைக் குறிக்கும். 'ஒரு சுற்றில் மூன்று காலொட்டல்கள்' என்று பரிசோதகர் எண்ணிக் குறிக்கவும் வசதி.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

காலொட்டல் – நடக்க முனைந்தும், பாதம் முன்னேறுவது சிறிது நேரத்துக்கு நின்றுபோதல் அல்லது வெகுவாகக் குறைந்துபோதல். நடுக்கத்துடனும் வரும்.

கடைசி வாக்கியத்தை மட்டும் யாரும் வெட்டிவிட வேண்டாம்.