எஞ்சின் மாற்றம்: 'ஒத்தியல்பு' ஒன்று போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு காரின் எஞ்சினை இன்னொன்றில் ஏற்றும்போது பாகங்கள் ஒத்துப்போவதை, அதாவது ஆங்கிலத்தில் compatibility என்பதைக் குறிக்க, நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் 'ஒத்தியல்பு' என்ற தமிழ்ச் சொல்லை முன்மொழிந்திருந்தார். மென்பொருளுக்கு அது சரி. மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பட்டறைகளில் அந்தச் சொல் நிலைக்காது. அங்கே கேட்பது இரண்டு கேள்வி: "உட்காருமா?", "ஒத்து ஓடுமா?" இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கேள்விக்கு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிவிட்டம் புது எஞ்சினின் தண்டோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலுக்குச் சரியாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள பற்களோ பழைய கியர்பாக்ஸ் தண்டில் ஏற வேண்டும். கிளட்சை மூடி எஞ்சினோடு கியர்பாக்ஸை இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் நேராக வராவிட்டால் நடுவே ஒரு தகடு கடைந்து போடுவார்கள். அதில் மையம் சற்றே விலகினாலும் கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும். இதெல்லாம் அளவு சார்ந்த விஷயம்.

அப்புறம் இரண்டாவது கேள்வி. வெற்றிடத்தின் உதவியால் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் பிரேக் உள்ள பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் வைக்கிறோம். மவுண்டில் அழகாக உட்கார்ந்துவிட்டது, ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் பிரேக் மிதி கல்லாக இருக்கும். பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் கிடைத்த வெற்றிடம் டீசலில் கிடைக்காது; வெற்றிடம் உண்டாக்கத் தனி வேக்கம் பம்ப் வைத்தாக வேண்டும். எல்லாப் போல்ட்டும் ஏறிய வண்டி, பிரேக் பிடிக்காமல் கல்லணைச் சாலையில் போகக் கூடாது அல்லவா? புது வண்டிகளில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் அப்படித்தான்: சாவியை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் கிளம்பாது.

ஆகவே என் முன்மொழிவு: அளவில் ஒத்துப்போவது 'பொருத்தம்', இயக்கத்தில் ஒத்துப்போவது 'இணக்கம்'. எதையும் மாற்றாமல் ஏறினால் 'நேர்ப்பொருத்தம்'. லேத்தில் கொடுத்துக் கடைந்து சரிசெய்தால் 'கடைசல் பொருத்தம்'. கடைசல் என்பது பட்டறைக்காரர்கள் வாயில் இன்றும் புழங்கும் சொல், அதை விட்டுவிட மனமில்லை.

பொருத்தம் என்றால் ஜாதகம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். சட்டைக்கும் செருப்புக்கும் அதைத்தானே சொல்கிறோம்? எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் அதன் பலம்.

எஞ்சின் மாற்றத்துக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத் தமிழுக்கும் இச்சொற்கள் உதவும்.

நடுவில் போடும் தகட்டுக்கு 'இடைத்தகடு' என்று வைக்கலாமா? பட்டறைத் தொடர்புள்ளவர்கள் சொல்லுங்கள்.