பெட்ஷீட் டிசைனை அப்படியே நகலெடுத்து விற்கிறார்கள்: பதிப்புரிமைச் சான்றிதழை வைத்து வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி – கரூர் ஜவுளி உற்பத்தியாளர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கரூரில் சிறிய அளவில் வீட்டு உபயோக ஜவுளி தயாரித்து விற்கிறோம். ஆவாரம்பூவும் கிளியும் சேர்ந்த ஒரு டிசைனை ஓவியர் ஒருவரிடம் பணம் கொடுத்து வரையச் சொல்லி, பருத்தி பெட்ஷீட்டுகளில் அச்சிட்டு விற்றுவருகிறோம். ஆயிரக்கணக்கில் விற்பனையாகியிருக்கிறது. அந்த ஓவியத்தைக் கலைப்படைப்பாகப் பதிவுசெய்து, பதிப்புரிமைச் சான்றிதழும் பெற்றிருக்கிறோம்.

இப்போது வெளிமாவட்ட மொத்த வியாபாரி ஒருவர் அதே டிசைனைப் பாலியஸ்டர் கலந்த மலிவுத் துணியில் அச்சிட்டுப் பாதி விலைக்குத் தருகிறார். தற்செயலான ஒற்றுமை என்று சொல்ல வழியே இல்லை. எங்கள் டிசைனில் ரிப்பீட் (ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது) வந்து சேரும் இடத்தில் ஒரு கிளியின் வால் நுனி வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டுகூட அவருடைய துணியில் அப்படியே விழுந்திருக்கிறது. போதாக்குறைக்கு, நாங்கள் போட்டோகிராபரை வைத்து எடுத்த படங்களையே இணைய விற்பனைத் தளத்திலும் போட்டிருக்கிறார். சான்றிதழைக் காட்டி நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போடலாமா? ஓவியரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை. வங்கிப் பரிமாற்றமும் பில்லும் இருக்கின்றன.

பதில் – வழக்கறிஞர், கோவை

வணக்கம் அம்மா. உங்களிடம் இருக்கும் சான்றிதழ் உண்மையானது. ஆனால் இந்தத் துணி விஷயத்தில் அது உங்களைக் காப்பாற்றாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யத் தக்க ஒரு டிசைனைப் பதிவுசெய்யாமல் விட்டு, அந்த டிசைன் கொண்ட பொருளை உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனில் இருந்த பதிப்புரிமை அத்துடன் முடிந்துவிடுகிறது. 50 பெட்ஷீட் என்பது துணியில் அச்சிடும் ரோட்டரி மெஷினுக்குச் சில நிமிட வேலை. சிறு உற்பத்தியாளர்களை இவ்வளவு கடுமையாகத் தண்டிக்கும் பிரிவு இந்தச் சட்டத்தில் வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

நீதிமன்றங்களும் இதை அப்படியே பின்பற்றுகின்றன. சோபா துணிகளில் அச்சான டிசைன்கள் தொடர்பான மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2009-இல் இதே காரணத்தால் பதிப்புரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. ரிதிகா நிறுவனம் பிபா நிறுவனத்தின் மீது தொடுத்த ஆடை டிசைன் வழக்கும் 2016-இல் இதே பிரிவில்தான் தோற்றது. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு படைப்பு தனித்த கலைப்படைப்பா, தொழில்முறையில் பொருள்மீது ஏற்றப்பட்ட டிசைனா என்று பிரித்தறியும் அளவுகோலை வகுத்துத் தந்தது. அந்தத் தீர்ப்பின்படியும் உங்கள் ஓவியர் வரைந்த மூலத்தாள் கலைப்படைப்பாக நீடிக்க வாதம் இருக்கிறது. பெட்ஷீட்டில் ஏறிய டிசைனுக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகக் கடினம்.

ஆனால் புகைப்படங்களின் நிலைமை வேறு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17(ஆ) பிரிவு சொல்கிறது; அவற்றுக்கு 15(2) பொருந்தாது. எனவே விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் படங்களின் மூலக் கோப்புகளோடும் போட்டோகிராபரின் பில்லோடும் இன்றே புகார் அனுப்புங்கள். உங்கள் பிராண்டுப் பெயரையோ பேக்கிங் அட்டையையோ அவர் ஒத்துச் செய்திருந்தால், வணிகச் சின்னச் சட்டத்தின் வழியாகவும் பார்க்கலாம்.

பதில் – மெர்ச்சண்டைசர், திருப்பூர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஒரு ஸ்ட்ரைக்-ஆஃப் (துணியில் அச்சிட்டுப் பார்க்கும் மாதிரி) எடுக்கவே அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கும் நம்மவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

எந்த வகுப்பில் (பொருள் வகையில்) பதிகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். துணியாகப் பதிந்தால் 05-05. பெட்ஷீட், போர்வை, மேசை விரிப்பு போன்றவை 06-13. பதிவான வகுப்புக்குரிய பொருள்களில் நகலெடுப்பதைத்தான் 22-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், நன்றாக ஓடும் என்று நம்பும் டிசைனை இரண்டிலும் பதிவது நல்லது.

ஓவியருடைய ஒப்பந்தத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். பதிப்புரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 'இந்தியா மட்டும்' என்பது பெரிய ஓட்டை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அடுத்த சீசனுக்கு மூன்று புதிய டிசைன்கள் தயாராக இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் சாம்பிளை வழக்கமான பையர் ஒருவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஆர்டரும் பேசி முடித்திருக்கிறேன். அதை இனி பதிய முடியாதா? பழைய டிசைனுக்காக நோட்டீஸாவது அனுப்பலாமா?

பதில் – வழக்கறிஞர், கோவை

விண்ணப்பத் தேதிக்கு முன்னால் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ வெளியான டிசைனைப் பதியக் கூடாது என்பது வடிவமைப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அதனால்தான் விற்பனையில் இருக்கும் கிளி டிசைனை இப்போது பதிந்தாலும் நிற்காது. ஆனால் உங்கள் வாட்ஸ்அப் சாம்பிளுக்கு அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் காட்டுவதும், பதிவுசெய்யக் கருதியுள்ள புதிய ஜவுளி டிசைனுக்கு ரகசியமாக முதல் ஆர்டர் ஏற்பதும் பதிவைக் கெடுக்காது. ஜவுளியைப் பெயர் சொல்லியே அங்கே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆர்டர் ரகசியமானது என்று பையரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன், மூன்று டிசைன்களுக்கும் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கண்காட்சியில் வைக்கும் எண்ணம் இருந்தால், வடிவமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு (Controller) முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தால்தான் 21-ஆம் பிரிவின் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அதுவும் அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும். விண்ணப்பித்துவிட்டுச் செல்வதே எளிது.

நோட்டீஸைப் பொறுத்தவரை கோபத்தில் எழுத வேண்டாம். பதிப்புரிமை மீறல் என்று ஆதாரமின்றி மிரட்டப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்து, தடையாணையும் இழப்பீடும் கேட்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. துணியின் டிசைனுக்காக நீங்கள் மிரட்டினால், 15(2) பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உங்கள் மீதே திரும்புவார். எனவே நோட்டீஸில் புகைப்படங்களை மட்டும் எழுதுங்கள்: எந்தப் படம், எந்தத் தேதியில் எடுத்தது, எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார் என்ற விவரத்தோடு, ஏழு நாளுக்குள் நீக்கவும் கணக்குத் தரவும் கேளுங்கள். அனுப்புவதற்கு முன், தேதி தெரியும்படி அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் கிடைத்ததும் முதலில் மறைவது அவைதான்.